மலைச் சைக்கிளுக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி

நல்ல பிரேம் பத்து வருடம் உழைக்கும். அதில் மாட்டியிருக்கும் சக்கரம் அதற்குள் இரண்டு முறையாவது வளையும். வளைந்ததற்கு மாற்றுத் தேடிப் போனால், "இந்த அளவு இப்போது வருவதில்லை, புதிய சைக்கிளாகவே பார்த்துவிடுங்கள்" என்பார்கள். கனடாவில் வடக்கு வான்கூவரில் ஒரு சைக்கிள் பட்டறையில் ரிப்பேர் வேலை பார்க்கிறவன் நான். அந்தப் பதில் பல சமயம் உண்மையே இல்லை. உண்மையாக இருக்கும்போதும் குற்றம் உங்கள் சைக்கிளின் மேல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் அளவை நிறுத்திவிட்டு, அதைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இன்னொன்றைக் கொண்டுவருவதை முன்னேற்றம் என்று விற்கும் தொழில் இது.

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான். கல்யாணப் பேச்சுக்கு ஜாதகம் எழுதி வைப்பதுபோல உங்கள் சைக்கிளுக்கும் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் வாங்கினாலும் முதலில் அதை நீட்டிப் பொருத்தம் பாருங்கள். தரகர் பேச்சை மட்டும் நம்பிக் கைநனைக்காதீர்கள்.

அதற்கு வேண்டிய கருவி ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர். விலை மலிந்ததே போதும். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் காட்டினால் சரி. அதோடு ஒரு டார்ச், ஒரு துணி, ஒரு நோட்டு. போனில் எழுதி வைப்பதில் தவறில்லை. ஆனால் கிரீஸ் கையோடு போனைத் தொட மனம் வராது, காகிதம் நல்லது.

டயரில் தொடங்குங்கள்

டயரின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 29 x 2.4 என்பது போல இருக்கும். அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 61-622 என்று இருப்பதைத் தேடுங்கள். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டர். 559 என்றால் 26 அங்குலச் சக்கரம், 584 என்றால் 27.5, 622 என்றால் 29. அந்த இரண்டாவது எண்ணைத்தான் ஜாதகத்தின் முதல் வரியாக எழுத வேண்டும்.

26 அங்குலத்தை யாரும் மலைக்கென்று கணக்குப் போட்டு வடிவமைக்கவில்லை. கலிபோர்னியாவில் மரின் மாவட்டத்து இளைஞர்கள் 1976இல் ஒரு மண்சாலையில் கீழ்நோக்கிப் பந்தயம் விட்டபோது அவர்களிடம் இருந்தவை தடித்த டயர் போட்ட பழைய அமெரிக்கச் சைக்கிள்கள். அவற்றின் சக்கரம் 26 அங்குலம், அவ்வளவுதான். பின்னால் மிதித்தால் நிற்கும் அந்தக் காலத்து பிரேக் இறக்கத்தில் கொதித்து உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தச் சாலைக்கு 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்ற பெயர் வந்தது அதனால்தான்.

29 அங்குலம் என்பது சாலைச் சைக்கிளின் 700சி ரிம்மேதான். அதன் மேல் பெரிய டயர். கல்லும் வேரும் நிறைந்த பாதையில் அது நன்றாக உருளுகிறது. அதில் எனக்கு எந்தச் சச்சரவும் இல்லை. என் கோபமெல்லாம் 27.5 மேல்தான். பெயரைக் கேட்டால் 26க்கும் 29க்கும் சரிநடுவில் இருப்பதாகத் தோன்றும். எண்களைப் பாருங்கள்: 559இலிருந்து 584க்கு 25 மி.மீ., 584இலிருந்து 622க்கு 38 மி.மீ. நடுவில் இல்லை, 26க்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் 2012இல் சுவிட்சர்லாந்து வீரர் நீனோ ஷூர்ட்டர் அந்தச் சக்கரத்தில் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றை வென்ற பிறகு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நல்ல தரத்து 26 அங்குலச் சைக்கிள்கள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. 2019இல் முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து ஓட்டுவதற்குச் சர்வதேசச் சைக்கிள் சங்கம் அனுமதி தந்தது. அன்றிலிருந்து கலப்புச் சக்கரம்தான் நாகரிகம்.

உங்களிடம் 26 இருந்தால் பதற வேண்டாம். மாக்சிஸ், ஷ்வால்பே போன்றவர்கள் அந்த அளவில் இன்னும் டயர் போடுகிறார்கள். தட்டுப்பாடு முன் ஃபோர்க்குக்குத்தான். சர்வீஸ் செய்த பழைய ஃபோர்க் நல்ல நிலையில் கண்ணில் பட்டால் இப்போதே வாங்கிப் பரணில் வையுங்கள். வாங்கும்போது மேல்தண்டு, அதாவது ஸ்டீரர், எவ்வளவு நீளம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் குட்டையாக அறுத்திருந்தால் அது உங்களுக்கு ஆகாது.

அச்சு

மனிதர்களை அதிகம் அழவைப்பது இதுதான், நிதானமாகப் போவோம்.

பின்சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அளவெடுங்கள். பிரேமை அளக்காதீர்கள், அச்சு உட்காரும் இடத்தில் இருபுறமும் மூன்றரை மில்லிமீட்டர் பள்ளம் இருக்கும், கணக்குத் தவறும். மெல்லிய கம்பியை நெம்புகோலால் இறுக்கும் பழைய குவிக் ரிலீஸ் என்றால், இருபுறமும் வெளியே நீட்டும் அச்சு முனைகளைச் சேர்க்காமல் 135. தடித்த 12 மி.மீ. அச்சு என்றால் 142 அல்லது 148. இந்த 148க்குத்தான் 'பூஸ்ட்' என்று பெயர். கீழ்நோக்கிப் பாயும் கனத்த சைக்கிள்களில் 150, 157 உண்டு. 157இலேயே பழையது ஒன்று, 'சூப்பர் பூஸ்ட்' என்று ஒன்று. அகலம் ஒன்றுதான், ஆரக்கம்பிகள் கோத்திருக்கும் விளிம்புகள் வேறு இடத்தில். இதெல்லாம் போதாதென்று, விலை குறைந்த சைக்கிள்களில் 141 குவிக் ரிலீஸ் என்று ஒன்றையும் கொண்டுவந்தார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

135க்கும் 142க்கும் உள்ளே ஹப் ஒன்றேதான். கூடுதல் ஏழு மில்லிமீட்டர் அந்தப் பள்ளங்களுக்குள் போய்விடுகிறது. அதனால் பல ஹப்புகளில் முனை மூடிகளை மாற்றினாலே ஒன்று மற்றொன்றாகிவிடும். சக்கரத்தையே மாற்றச் சொன்னால், "இந்த ஹப்புக்கு முனை மூடி கிடைக்குமா?" என்று கேளுங்கள். கேட்டதும் கவுண்டரில் இருப்பவர் முகம் மாறினால் கிடைக்கும் என்று அர்த்தம்.

பூஸ்ட்டில் விளிம்புகள் பக்கத்துக்கு 3 மி.மீ. வெளியே நகர்ந்துவிட்டன, பிரேக் டிஸ்க்கும் கூடவே நகர்ந்துவிட்டது. 29 அங்குலச் சக்கரத்தின் ஆரக்கம்பிகள் அகலமான கோணத்தில் நிற்கும், சக்கரம் உறுதியாகும் என்பது 2014-15 வாக்கில் இதைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அகலமான 150 ஏற்கெனவே இருந்ததே என்ற கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய விதி இது: அகலமான பிரேமுக்குள் ஒடுங்கிய ஹப்பை ஏற்றலாம், ஒடுங்கிய பிரேமுக்குள் அகலமான ஹப் ஒருநாளும் ஏறாது. உங்கள் பழைய 142 சக்கரத்தைப் புதிய 148 பிரேமில் போட, இருபுறமும் 3 மி.மீ. நீட்டும் மூடிகளும், டிஸ்க்குக்கு அடியில் வைக்க 3 மி.மீ. வளையமும், நீளமான ஆறு போல்ட்டுகளும் சேர்ந்த பொட்டலம் கிடைக்கிறது. ஆறு போல்ட் டிஸ்க்குக்கு இது சுலபம். டிஸ்க் நடுவில் பற்களில் உட்காரும் சென்டர்லாக் வகைக்கு வேறு தகடு தேட வேண்டும். நல்ல சக்கரத்தைத் தூக்கி எறியாமல் இருக்க இந்தப் பொட்டலம் ஒன்றே போதும். ஆனால் கடையில் தானாக எடுத்துக் காட்ட மாட்டார்கள்.

முன்சக்கரத்தின் கதை இன்னும் கேவலம். 20 மி.மீ. தடிமன், 110 அகலம் என்று உறுதியான அச்சு ஏற்கெனவே இருந்தது. 2008 வாக்கில் எடை குறைகிறது என்று 15 தடிமன், 100 அகலத்துக்கு மாற்றினார்கள். பிறகு பூஸ்ட் வந்தபோது 15 தடிமன், 110 அகலம். சுற்றிச் சுற்றி அதே 110க்கு வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் பழைய 20க்கு 110 ஹப்பை இதில் போட முடியாது, டிஸ்க் நிற்கும் இடம் வேறு. ஜாதகத்தில் தடிமன், அகலம் இரண்டோடு 'பூஸ்ட் உண்டா, இல்லையா' என்பதையும் எழுதுங்கள்.

இனி அச்சின் மரை. மழை விடாத ஒரு நவம்பர் மாலையில், பர்னபியில் படிக்கும் ஈழத்துத் தம்பி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணா, புது அச்சு பாதிக்கு மேல் போகமாட்டேன் என்கிறது." தொலைந்த அச்சுக்குப் பதிலாக இணையத்தில் வாங்கியிருக்கிறார். 12 மி.மீ. சரி, நீளமும் சரி. வெளியே எடுத்து விரலால் மரையைத் தடவினேன். விரல் நுனியில் வெள்ளியாகச் சுருள் சுருளான அலுமினியத் தூள் ஒட்டியது. வந்தது 1.75 மி.மீ. மரை, பிரேமில் இருந்ததோ 1.0. புது அச்சு தனக்கு வேண்டிய பாதையைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தது. நல்லவேளை, அந்தப் பிரேமில் மரை இருந்தது, கியர் மாற்றும் டிரெய்லியரைத் தாங்கும் ஹேங்கரில். ஹேங்கரை மாற்றியதோடு முடிந்தது. பிரேமிலேயே மரை வெட்டியிருந்தால் அந்தத் தம்பியின் ஒரு மாதச் செலவுப் பணம் போயிருக்கும்.

12 மி.மீ. பின்னச்சில் 1.0, 1.5, 1.75 என்று மூன்று மரைகள் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஒரு மரையின் முகட்டிலிருந்து எண்ணத் தொடங்கிப் பத்து மரை தாண்டி வரும் முகடு வரை காலிப்பரை வையுங்கள். 10 மி.மீ. காட்டினால் 1.0, 15 காட்டினால் 1.5, பதினேழரை காட்டினால் 1.75. இதையும் அச்சின் முழு நீளத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபின் அச்சைத் தொலைக்காதீர்கள்.

கேசட்

பின்சக்கரத்துப் பற்சக்கரங்களின் அடுக்குக்குக் கேசட் என்று பெயர், பின்ஹப்பின் மேல் அது ஏறும் உருளைக்கு ஃப்ரீஹப். பாகங்கள் செய்யும் ஷிமானோ, ஸ்ராம் கம்பெனிகளின் மூன்று வகை உங்களுக்குப் போதும். ஷிமானோவின் பழைய எச்ஜி: அகலமான வரிப்பள்ளங்கள், மிகச் சிறிய பற்சக்கரம் 11 பல். 2012இல் ஸ்ராம் கொண்டுவந்த எக்ஸ்டி: பாதி வழவழப்பான உருளை, ஒரு பக்கத்தில் மரை, 10 பல் வரை இறங்கலாம். அதற்குப் பதிலாக 2018இல் ஷிமானோ கொண்டுவந்த மைக்ரோ ஸ்ப்லைன்: மிக நெருக்கமான சிறு பற்கள். ஒரே ஒரு பல் குறைவதற்காக இரண்டு புது வகை உருளைகள்.

பட்டறையில் அடிக்கடி நடப்பது இது. பத்து கியரிலிருந்து பன்னிரண்டுக்கு மாற விரும்பி வருவார்; கேசட், செயின், டிரெய்லியர், ஷிஃப்டர் நான்குக்கும் கணக்குப் போட்டிருப்பார்; ஃப்ரீஹப் கணக்கில் இருக்காது. அதைச் சேர்த்ததும் முகம் வாடும். எச்ஜி உருளையிலேயே ஏறும் 11-50 பன்னிரண்டு கியர் கேசட் ஸ்ராமிலும் உண்டு, சன்ரேஸிலும் உண்டு. கனம் சற்று அதிகம். கனத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது பந்தயம் ஓடுகிறவர்கள்தான்.

பன்னிரண்டே வேண்டாம் என்றால் ஷிமானோவின் க்யூஸ் வரிசையைப் பாருங்கள். அதன் கேசட் பழைய எச்ஜி உருளையிலேயே உட்காரும். பற்கள் தடிப்பாக, தேயாமல் உழைக்கும்படி செய்தவை. இந்தத் தொழில் பல வருடங்களுக்குப் பிறகு வாங்குபவர் பக்கம் நின்று செய்த காரியம் அது. செயின் தேய்மானம் அளக்கும் கருவி ஒன்றும் வாங்குங்கள். 11, 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்று விட்டால் கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

சத்தம்

மிதிக்கும்போது அடியிலிருந்து 'கிறீச்' என்று வந்தால் எல்லோரும் பழி போடுவது பாட்டம் பிராக்கெட் மேல். மிதிதண்டு சுழலும் பேரிங்குகள் இருக்கும் இடம் அது. பழி போடுவதற்குக் காரணமும் உண்டு. மரை போட்டுத் திருகும் பழைய முறையை விட்டுவிட்டு, பேரிங்கை அழுத்தி நுழைக்கும் முறைக்குப் பல கம்பெனிகள் தாவின. பிரேமின் துளை நூலளவு பிசகினாலும் அழுத்தி நுழைத்தது முனகும். பல வருடம் ஏச்சு வாங்கிய பின் நிறையப் பேர் மரைக்கே திரும்பிவிட்டார்கள். 2015இல் டி47 என்று பெரிய மரை ஒன்றும் வந்தது.

ஆனால் சத்தம் கேட்டதும் பணம் எடுத்து வைக்காதீர்கள். எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி சீட் அல்லது சீட் கம்பம். கம்பத்தை வெளியே இழுத்துத் துடையுங்கள். அலுமினியப் பிரேமானால் மெல்லிய கிரீஸ், கார்பன் ஆனால் அதற்கென்ற உறுத்தல் பசை. சத்தம் தொடர்ந்தால் பெடல்களைக் கழற்றி மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். இடது பெடலுக்குத் தலைகீழ் மரை என்பதை மறக்க வேண்டாம். அடுத்தது பின்னச்சு: கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு இறுக்குங்கள். ஈரமும் மண்ணும் உள்ள எங்கள் ஊரில் பாதிச் சத்தம் இதிலேயே போய்விடுகிறது. பிறகு ஹேங்கர் திருகு, முன்பற்சக்கரப் போல்ட்டுகள். இத்தனையும் பார்த்த பின்னும் முனகினால் பாட்டம் பிராக்கெட்டைத் தொடுங்கள்.

ஜாதகத்துக்கு: பாட்டம் பிராக்கெட் உட்காரும் பிரேம் உருளையில் மரை உண்டா? இல்லையென்றால் உள்விட்டம் 41, 42, 46 இவற்றில் எது? உருளையின் அகலம் 68, 73, 92 இவற்றில் எது? மிதிதண்டின் கம்பி எத்தனை தடிமன்? ஷிமானோவில் 24. வேறு பலரிடம் 30. ஸ்ராம் 2018இல் தன் கணக்காக 28.99 என்று அறிவித்தது. முப்பது இல்லை, இருபத்தொன்பதுகூட இல்லை. அறிவிப்பை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

கேபிள் எங்கே நுழைகிறது?

புதியது வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரேக் குழாயும் கியர் கேபிளும் ஹேண்டிலுக்குக் கீழே, அது திரும்பும் ஹெட்செட் பேரிங்கின் நடுவாகப் பிரேமுக்குள் நுழையும் சைக்கிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த மேல் பேரிங் மழையில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய சைக்கிளில் அதை மாற்றுவது காப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை: ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் கழற்று, பழையதை எடு, புதியதை வை. புது முறையில் பேரிங் வளையத்தின் நடுவே குழாய் ஓடுகிறது. குழாயை லீவரிலிருந்து அவிழ்க்க வேண்டும், எண்ணெய் சொட்டும், சில சமயம் குழாயின் முனையை வெட்டி, அதைக் கசியாமல் பிடிக்கும் 'ஆலிவ்' வளையம் புதிதாகப் போட வேண்டும், உள்ளே இழுத்துத் திரும்ப நுழைக்க வேண்டும், கடைசியில் காற்றில்லாமல் பிரேக்கை பிளீட் செய்ய வேண்டும். சின்ன பேரிங் ஒன்றுக்குக் கூலி அதன் விலையைப் போலப் பல மடங்கு. அந்த பில்லை வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஹேங்கர் விஷயத்தில் நல்ல செய்தி. முன்பெல்லாம் கம்பெனிக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று என்று அந்த அலுமினியத் துண்டின் வடிவம் மாறும். உங்களுடையதைக் கண்டுபிடிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும். 2019இல் ஸ்ராம் யூடிஎச் என்ற பொது ஹேங்கரைக் கொண்டுவந்தது, பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். 2023இல் அதே இடத்தில் ஹேங்கரே இல்லாமல் நேராகப் பிரேமில் பூட்டும் விலை உயர்ந்த டிரெய்லியரை அதே கம்பெனி வெளியிட்டபோதுதான், பொதுச்சேவைக்குப் பின்னாலிருந்த தொலைநோக்கு விளங்கியது. இருந்தாலும் யூடிஎச் உள்ள பிரேமையே தேர்ந்தெடுங்கள். இல்லாத பிரேம் என்றால் வாங்கும் நாளிலேயே இரண்டு ஹேங்கர் சேர்த்து வாங்குங்கள்.

ஷாக், பிரேக்

பின் ஷாக்கில் இரண்டு எண்கள்: துளைக்குத் துளை நீளம், அழுந்தும் தூரம். 2016இல் 'மெட்ரிக்' அளவுகள் வந்தபோது 200க்கு 57, 216க்கு 63 போன்ற பழைய அளவுகள் ஓரங்கட்டப்பட்டன. அவற்றுக்குப் புது ஷாக் கிடைப்பது அரிதாகி வருகிறது. ஆகவே உள்ளதைக் காப்பாற்றுங்கள். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் சொல்கிறது. அதற்குக் கடைக்குப் போக வேண்டாம். முதலில் காற்றழுத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். ரீபவுண்ட் குமிழை எடுத்துவிட்டு, அடிப்போல்ட்டுகளை மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே பிடித்திருப்பது விட்டுவிடும். அடியில் பாத்திரம் வைத்துக் கால்களை உருவுங்கள். வடியும் எண்ணெய் நல்ல நிலையில் இருந்தால் தேன் நிறம், சர்வீஸைத் தள்ளிப்போட்டிருந்தால் கரும்பழுப்பு. துடைத்து, நுரை வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து, சீல்களுக்குக் கிரீஸ் தடவி, கால்களைப் பாதி ஏற்றி, அடித்துளை வழியாகச் சிரிஞ்சால் புது எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். எண்ணெய் அளவு மாடலுக்கு மாடல், இடதுகாலுக்கு வலதுகால் மாறும். கம்பெனியின் கையேட்டில் உங்கள் மாடலைப் பார்த்தே ஊற்றுங்கள்.

பிரேக்கில் ஒன்றே ஒன்று: லீவர் மூடியில் என்ன எண்ணெய் என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள். ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய். ஸ்ராம் நெடுங்காலம் டாட் திரவம். அதன் டிபி8, 2024இல் வந்த மேவன் போன்றவை மினரல். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். டிஸ்க் அளவிலும் ஷிமானோவுக்கு 203, ஸ்ராமுக்கு 200. இந்த மூன்று மில்லிமீட்டருக்காக அடாப்டர் தேடி அலைய வேண்டாம்: 200க்கான அடாப்டரில் பிரேக் காலிப்பரின் போல்ட்டுகளுக்கு அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் வாஷர் வைத்தால் 203 ஓடும்.

விலையும் உத்தரவாதமும்

2020-21இல் ஒரு செயினுக்கே காத்திருந்தோம். சில பாகங்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்த அலை நிலைக்கும் என்று நம்பி எல்லோரும் கூடுதலாக ஆர்டர் போட்டார்கள். 2023இல் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. தள்ளுபடியில் வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். கம்பெனிகளுக்குச் சரிவு: விக்கிள், செயின் ரியாக்‌ஷன் இணையக் கடைகள் 2023 அக்டோபரில் திவால் நிர்வாகியின் கைக்குப் போயின, கோனா சைக்கிள் கம்பெனியை 2024இல் விற்பனைக்கு வைத்து, கடைசியில் அதைத் தொடங்கியவர்களே திரும்ப வாங்கினார்கள், இதே வான்கூவரில் 1981இல் பிறந்த ராக்கி மவுண்டன் 2024 டிசம்பரில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

ஆகவே 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று எழுதியிருந்தால் யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது முதல் சொந்தக்காரருக்கு மட்டும். இரண்டாம் கையில் வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. புதுசு வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்தி அன்றே பதிவு செய்யுங்கள். நிறம் மாறியதைத் தவிர வேறு மாற்றமில்லாத புதுவருட மாடலுக்கு முழு விலை கொடுக்க வேண்டாம். அளவு தேர்ந்தெடுக்கும்போது எம், எல் என்ற எழுத்துகளைப் பார்க்காதீர்கள்; ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொன்றின் 'எல்' அளவைவிட நீளமாக இருப்பதுண்டு. அட்டவணையில் ரீச் என்ற எண்ணைப் பாருங்கள்: மிதிதண்டு மையத்திலிருந்து, பிரேமில் ஸ்டீரர் நுழையும் ஹெட்டியூப்பின் மேல்முனை வரை கிடைமட்டத் தூரம். இப்போது ஓட்டுவது உடம்புக்கு ஒத்துப்போகிறதென்றால் அதன் ரீச்சையும் ஜாதகத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, பின்சஸ்பென்ஷன் மூட்டுகளின் பேரிங்குகள். கம்பெனி மூடினாலும் இவற்றுக்குத் தட்டுப்பாடு வராது. 'ஒரிஜினல் செட்' என்று பெட்டியில் போட்டு விற்பவை பெரும்பாலும் உலகப் பொது அளவுகள்தான். ரப்பர் மூடியில் பொடி எழுத்தில் எண் இருக்கும்: 6902 என்றால் உள்ளே 15, வெளியே 28, அகலம் 7; 6802 என்றால் 15, 24, 5; 6900 என்றால் 10, 22, 6. அந்த எண்ணோடு மோட்டாருக்கும் பம்புக்கும் பேரிங் விற்கும் கடைக்குப் போங்கள். இருபுறமும் ரப்பர் மூடியுள்ளது வேண்டும் என்று சொல்லுங்கள். மூட்டுகள் முழுச் சுற்றுச் சுழல்வதில்லை, கொஞ்சமாக முன்பின் அசைவதோடு சரி. அதனால் உள்ளே குண்டுகள் நெருக்கமாக நிறைந்த 'மேக்ஸ்' வகை கிடைத்தால் இன்னும் நல்லது. புதியதை நுழைக்கும்போது அழுத்தம் வெளிவளையத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். சரியான அளவு சாக்கெட் ஒன்றும், நீண்ட போல்ட்டும், நட்டும், இரண்டு வாஷரும் போதும். கோணாமல் நேராக இறங்குகிறதா என்று கால்சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள்.